வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டார்கள்

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வேட்டிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள் சொர்ணத்தாய். முடிச்சு நிற்கவில்லை. குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. முன்பாதங்கள்தான் விரிந்து விரிந்து போயின. பட்டாளத்தில் முப்பது வருஷம் அப்படியே நின்று பழகிய கால்கள். செத்த பிறகும் சொன்ன பேச்சுக் கேட்கமாட்டோம் என்றன.

வேல்சாமி வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தாயி, கேப்டனோட பிளேசர் எங்கன இருக்கு? மெடலெல்லாம் அதுலதான குத்தியிருக்கும்?"

"பீரோவுல இருக்கு அண்ணாச்சி. சாவி அப்பா இடுப்புல."

அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள். இடுப்பில் இன்னும் சூடு இருந்தது. காலையில்தான் அப்பா பட்டாள முகாமுக்குப் போகிற பையன்களை ரோட்டில் வரிசையாக உட்காரவைத்து, "இன்னிக்கு எவனும் ஓடக் கூடாது. நல்லாத் தின்னுட்டு நல்லாத் தூங்கணும். ராத்திரி எட்டு மணிக்கு வேன்ல ஏறணும்" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் நெஞ்சு கரிக்கிறது என்று கட்டிலில் சாய்ந்தார். சுக்குத் தண்ணீர் போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தம்ளர் இன்னும் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதை எடுத்துக் கொட்ட வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் எடுக்கவில்லை.

அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெருமாயி கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோதும் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அதுபோல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

கேப்டன் கருத்தையா என்றால் கோவில்பட்டியிலிருந்து புதூர் வரைக்கும் தெரியாத ஆள் கிடையாது. பேருக்கு முன்னால் கேப்டன் இருந்தாலும் சிப்பாயாகப் போய், சுபேதாராக ஏறி, ஓய்வு பெறுகிற நேரத்தில் கௌரவத்துக்கு நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்தவர்தான். கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சங்கத்தின் கிளை இருந்தது. அவர்தான் அதன் தலைவர், வேல்சாமி செயலாளர். பேர்தான் அதிகாரிகள் சங்கம். முழு அதிகாரி என்று சொல்ல அதில் கர்னல் ஒருவர்தான் உண்டு, அவரும் சென்னையில் இருந்தார். மற்ற எல்லோரும் அப்பாவைப் போலத்தான். ஆனால் அங்கே வேலை நடந்தது. எந்தச் சிப்பாயின் விதவைக்குப் பென்ஷன் நின்றுபோனாலும் அப்பா டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு அலைவார். ஆள் சேர்ப்பு முகாம் அறிவித்தால் சுற்றுப்பட்டிப் பையன்களைத் திரட்டிக் கரிசல் ரோட்டில் ஓடவிடுவார், நெஞ்சை விரிக்கச் சொல்லி டேப் வைத்து அளப்பார். காசு கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்று ஊருக்குள் வந்த தரகனை ஒருமுறை போலீஸிடமே பிடித்துக் கொடுத்தார்.

இவை எல்லாவற்றையும்விட அவர் பெரிதாக நினைத்தது சாவு வீடுகளைத்தான். முன்னாள் சிப்பாய் எவன் செத்தாலும் பிளேசர், தொப்பி, மெடலோடு போய் நிற்பார். சங்கக் கொடியைப் போர்த்தி, குளத்தூரிலிருந்து சீனி என்பவனை வரவழைத்து பியூகிள் ஊத வைப்பார். ஒருமுறை விளாத்திகுளம் பக்கம் ஒரு வீட்டில், சீனி வந்து சேர்வதற்குள் உறவுக்காரர்கள் அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் அப்பா அப்புறம் பேசவே இல்லை. "பியூகிள் இல்லாம போறவன் பட்டாளத்துக்காரன் இல்ல, வெறும் பொணம்" என்று வீட்டில் வந்து சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

பிளேசரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேல்சாமி வெளியே வந்தார்.

"கர்னல்கிட்ட பேசிட்டேன் தாயி. ராத்திரி ரயிலைப் பிடிச்சு வாராராம். காலைல பத்து மணிக்கு இங்கன இருப்பாரு. சீனி உப்பளத்துல இருப்பான், சாயங்காலம்தான் வீடு திரும்புவான். ஆள் அனுப்பியாச்சு. ஐஸ் பெட்டிக்கும் சொல்லியாச்சு. கேப்டனை நாளைக்குப் பத்து மணிக்கு முழு மரியாதையோட எடுக்கோம்."

சொர்ணம் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான். ஏன்?"

"நாளைக்கு சம்முவராசுக்கு செலெக்சன் அண்ணாச்சி."

மூன்று மாதமாக வேன் பேசியதும், பையன்களின் சான்றிதழ்களுக்கு அலைந்ததும் வேல்சாமிதான். தலைவர் செத்த அதிர்ச்சியில் முகாமையே மறந்திருந்தார். விடிவதற்கு முன்னால் திருநெல்வேலி மைதானத்துக்குள் போய்விட வேண்டும். கேட்டை மூடினால் அப்புறம் யார் சொன்னாலும் திறக்கமாட்டார்கள்.

"அடுத்த தடவை பாத்துக்கிடலாம் தாயி."

"அடுத்த தடவைக்குள்ள அவனுக்கு வயசு தாண்டிரும்."

"கர்னல் ஒரு வார்த்தை சொன்னா..." என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். சிபாரிசு என்ற சொல்லையே அப்பா சங்கத்துக்குள் விட்டதில்லை. போன முகாமில் சொந்தப் பேரன் ஒரு கிலோ எடை குறைந்து வெளியே வந்து நின்றபோது, "கூட ரெண்டு முட்டை தின்னுலே" என்றதோடு விட்டவர் அவர்.

சண்முகராஜ் வேப்பமரத்தடியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு ஒரே பிள்ளை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். பத்தாவது முடித்ததும் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டைக்குக் காலர் தைக்கப் போனான். ஒரு வருஷத்தில் முதுகு வளைந்து, கண்ணில் குழி விழுந்து வந்து நின்றான். அதன்பிறகு தாத்தாதான் அவனை ஓடவிட்டார். மழை இரண்டு வருஷமாக ஏமாற்றிவிட்டது. நிலத்தை நம்பி அவனை நிறுத்திவைக்க முடியாது. பட்டாளம் என்றால் அவளுக்கும் பயம்தான். ஆனால் மறுபடியும் தையல் மெஷினுக்கு முன்னால் அவன் குனிந்து உட்காருவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ இன்னிக்கு வேன்ல போயிரு. கொள்ளி வைக்கதுக்கு எஞ் சித்தப்பா இசக்கிதுரை இருக்காவ."

"போ மாட்டேன்."

"ஏலே..."

"தாத்தாவுக்கு நான்தான் வைப்பேன். வச்சிட்டுத்தான் எங்கயும் போவேன். இல்லேன்னா வேண்டாம், எனக்கு ஒண்ணும் வேண்டாம்." துண்டுக்குள்ளிருந்து வந்த குரல் உடைந்திருந்தது. அவனாவது அழுகிறானே என்று இருந்தது அவளுக்கு.

எழுந்து வீட்டுக்குள் வந்தாள். அப்பாவுக்கு பிளேசர் போட்டாகிவிட்டது. மெடல்கள் வரிசையாக, ஒன்றுகூடக் கோணாமல் இருந்தன. இந்த மனுஷன் இப்போது எழுந்து உட்கார்ந்தால் என்ன சொல்லுவார்? பியூகிள் முக்கியம் என்பாரா, பேரன் ஓட்டம் முக்கியம் என்பாரா? இரண்டையும் சொல்லுவார். இரண்டுக்கும் சத்தம் போடுவார். அவர் போட்டுவைத்த சத்தம் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு இப்போது அவள் தலையில் வந்து விழுந்திருந்தது.

இசக்கிதுரை அப்பாவுக்குச் சித்தப்பா மகன், ஊரில் நாலு பேர் பேச்சுக் கேட்கிற ஆள். பந்தலுக்குக் கம்பு நட ஆள் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பெண்டாட்டி ஒரு மாதமாக மஞ்சள்காமாலையில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். சொர்ணத்துக்கு அது தெரியும். தெரிந்துதான் போனாள்.

"சித்தப்பா."

"சொல்லு தாயி."

"நாளைக்கு எடுக்கணும்னு வேல்சாமி அண்ணாச்சி சொல்லுதாவ. நாளைக்குச் சனிக்கிழமைல்லா?"

அவ்வளவுதான் சொன்னாள். இசக்கிதுரையின் கை கம்பிலேயே நின்றுவிட்டது. சனிக்கிழமை காட்டுக்குப் போகிற உடம்பு தனியாகப் போகாது, அதே ஊரில் இன்னொரு உயிரையும் கையோடு கூட்டிப்போகும் என்ற பயம் அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் உண்டு. தப்பித்தவறி எடுக்க நேர்ந்தால் துணைக்குப் போகட்டும் என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி விடுவார்கள். அப்பாவுக்கு மட்டும் அதெல்லாம் வேடிக்கை. அம்மா செத்தபோது சனிக்கிழமைதான் எடுத்தார். கோழி கொண்டுவந்தவர்களிடம், "கோழி என்னலே தப்பு பண்ணிச்சு, திருப்பிக் கொண்டு விடு" என்று விரட்டியடித்தார். ஊர் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வீட்டுக் கிழடுகட்டைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லவேளை சொன்ன தாயி" என்றார் இசக்கிதுரை. முகத்தில் வேர்த்திருந்தது. "ஏ வேல்சாமி, இங்க வாரும். நாளைக்கெல்லாம் எடுக்க முடியாது. இன்னிக்கே, பொழுது அடையதுக்குள்ள தூக்கணும்."

வேல்சாமி எவ்வளவோ பேசினார். கர்னல் வருகிறார் என்றார், மலர்வளையம் வருகிறது என்றார். ஐஸ் பெட்டிக்கு அச்சாரம் கொடுத்ததைக்கூடச் சொன்னார். ஊரில் ஒரு ஆள்கூட மசியவில்லை. கோழி கட்டிக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, "கேப்டன் கோழியை அவுத்து விட்டுட்டு ஆளைக் கூட்டிட்டுப் போற மனுஷன்" என்றார் இசக்கிதுரை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கடைசியில் வேல்சாமி சொர்ணத்திடம் வந்தார்.

"நீ சொல்லு தாயி. கேப்டனுக்கு இந்தச் சனிக்கிழமைக் கதையெல்லாம் ஆகாதே. பியூகிள் இல்லாமயா அவரை அனுப்பணும்?"

அவள் அப்பாவின் மெடல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பி வேப்பமரத்தடியில் இருந்தவனைப் பார்த்தார். பிறகு, "சரி தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பந்தல் வேலையை முடுக்கிவிட்டார்.

கொள்ளி வைக்கிறவன் காட்டுக்குப் போய்த் திரும்பும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். சொர்ணம் மத்தியானம் பெருமாயி காதில் ஏதோ சொன்னாள். பிறகு மகனை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். வைக்கோல் படப்பு மறைவில் பெருமாயி முந்தானைக்குள்ளிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து வைத்தாள். அவித்த முட்டைகளும் ஒரு சீப்பு நாட்டுப்பழமும் இருந்தன.

"எம்மா, தாத்தா அங்கன கெடக்காவ."

"கெடந்தாலும் அவிய நெனப்பு ஒன் எடையிலதான் இருக்கும். தின்னு."

"எனக்கு எறங்காது."

"எறங்கும். தண்ணியக் குடி. எடை குறைஞ்சு திரும்பி வந்தன்னா இன்னிக்கு நான் பண்ணுனதுக்கெல்லாம் அர்த்தமில்லாமப் போயிரும்லே."

அவன் அவளைக் கூர்ந்து பார்த்தான். "நீ என்ன பண்ணுன?"

அவள் முட்டையை உரித்து அவன் வாயருகே நீட்டினாள். முற்றத்தில் கொட்டுச் சத்தம் எழுந்தது. அவன் அழுதுகொண்டே தின்றான். விக்கல் எடுத்தபோது உச்சந்தலையில் தட்டிக்கொடுத்தாள். பெருமாயி யாரும் வருகிறார்களா என்று தொழுவத்து முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இதை ஊரில் ஒருத்தியிடமும் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது என்பது சொர்ணத்துக்குத் தெரியும். அதற்காகக் கவலைப்படத் தோன்றவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்னால் தூக்கிவிட்டார்கள். சங்கத்திலிருந்து நாலைந்து பேர்தான் வந்து சேர முடிந்தது. வேல்சாமி கொடியை எடுத்துப் போர்த்தினார், விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அவர் கை நெற்றியிலேயே வெகுநேரம் நின்றது. அந்த நேரத்தில் கேட்க வேண்டிய சத்தம் கேட்காததால் கையை எப்போது இறக்குவது என்று தெரியவில்லை போலும். கொட்டுக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள். பெண்கள் தெரு முனையோடு நின்றுகொண்டார்கள். பாடை கரிசல் காட்டுப் பாதையில் இறங்கி மறையும்வரை சொர்ணம் பார்த்தாள். தன் அப்பாவை வெறும் பிணமாக்கி அனுப்பியது தான்தான் என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அதற்கும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

சண்முகராஜ் தலையும் மீசையும் மழித்து, ஈர வேட்டியோடு திரும்பினான். பன்னிரண்டு வயதுப் பையன்போல இருந்தான். குளித்து மாற்றுவதற்குள் வேல்சாமி வந்துவிட்டார்.

"வேனை நிப்பாட்டி வச்சிருக்கேன் தாயி. வெரசாக் கெளம்பச் சொல்லு. மொட்டையப் பத்திக் கவலை இல்ல, சேந்தா அங்கன எப்படியும் ஒட்ட வெட்டத்தான் போறான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

"காலைல காடாத்துக்கு, சாம்பல்ல பால் ஊத்த ஆரு போவா?"

"சித்தப்பா போவாவ. பாலுக்குச் சொல்லியாச்சு."

"எம்மா, நீ சனிக்கிழமையெல்லாம் நம்புதியா?"

"போலே. வேன் நிக்குது."

காலையில் கர்னல் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். முந்தின நாளே எடுத்துவிட்டதைப் போனில் சொல்ல வேல்சாமிக்கு மனசு வரவில்லை. உயரமான மனிதர், வயதாகியும் முதுகு வளையாதவர். நீல பிளேசரும் தொப்பியுமாக இறங்கினார். கூடவே மலர்வளையம் இறங்கியது. சீனியும் குளத்தூரிலிருந்து வந்துவிட்டான். தேய்த்துத் துடைத்த பியூகிளைத் துண்டில் சுற்றி வைத்திருந்தான். எல்லோரும் காலியாகக் கிடந்த முற்றத்தில் வந்து நின்றார்கள். கழுவிவிட்ட இடம் பாதிதான் காய்ந்திருந்தது.

"நேற்றே எடுத்துட்டீங்களா?" கர்னல் வேல்சாமியைப் பார்த்தார். "நான் வர்றேன்னு சொன்னேனே, வேல்சாமி சாப்?" பட்டாளத்து மரியாதைச் சொல் அவர் வாயில் இன்னும் இருந்தது.

"ஊர்க் கட்டுப்பாடு சார். இங்க சனிக்கிழமைல எடுக்க மாட்டாங்க."

"கருத்தையா சாப் வீட்டிலேயே சனிக்கிழமை பார்த்தீங்களா?" கர்னலின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "இதையெல்லாம் எதிர்த்துத்தானே வாழ்நாள் பூரா சத்தம் போட்டார்."

நிஜத்தைச் சொல்லிவிடலாமா என்று சொர்ணம் நினைத்தாள். வாயைத் திறக்க வேண்டும், கோவையாகப் பேச வேண்டும். அவ்வளவு தெம்பு அவளிடம் இல்லை.

"பேரன்தானே கொள்ளி வைத்தது? கூப்பிடுங்கம்மா. இந்த மலர்வளையத்தை அவன் கையிலாவது கொடுக்கிறேன்."

"அவன் இல்ல சார். செலெக்சனுக்குப் போயிருக்கான்."

கர்னல் அவளைப் பார்த்தார். வேல்சாமியைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்நேரம் மைதானத்தில் ஓட்டம் முடிந்து எடை பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தொப்பியைக் கழற்றி மறுபடி சரியாக வைத்துக்கொண்டார்.

"காட்டுக்கு வழி எது? அங்கேயே வைப்போம்" என்றார்.

ஆண்கள் எல்லோரும் போனார்கள். பெருமாயி சுவரோரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சொர்ணம், ஊதுதாவ. கேக்குதா?"

காற்று மேற்கே, காட்டைப் பார்த்து அடித்தது. சொர்ணத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று தலையை ஆட்டினாள்.

பட்டாள முகாமுக்குப் போகிற ஊர்களில் ஒரு கணக்கு உண்டு. போகும்போதுதான் வேன்; திரும்புவது அவரவர் பாடு. ஓட்டத்தில் தோற்றவன் முதலில் வருவான். உயரத்திலும் எடையிலும் நெஞ்சளவிலும் போனவன் அடுத்தடுத்து வருவான். தேறியவனை மட்டும் மெடிக்கலுக்கு அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே அன்றைக்கு வீடு திரும்புகிறவன் எல்லாம் தோற்றவன். பிள்ளை வந்துவிடக் கூடாதே என்று தாய்மார்கள் வாசலில் காத்திருக்கிற ஒரு நாள் வருஷத்தில் அது ஒன்றுதான்.

மத்தியான பஸ்ஸில் இரண்டு பேர் இறங்கினார்கள். கேப்டன் வீட்டு வழியே வர வெட்கப்பட்டுக் காட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த பஸ்ஸில் மூன்று பேர். அதில் ஒருவன் மொட்டைத் தலையாகத் தெரிந்தபோது அவள் வாசற்படி இறங்கிப் பார்த்தாள். கிட்டே வந்ததும்தான் தலையோடு சேர்த்துத் துண்டு கட்டியிருக்கிறான் என்று தெரிந்தது.

"ஒன் மவன் இன்னும் வரலையே" என்று பெருமாயி இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. சாவு வீடு என்று நினைவு வந்து அதை அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் துட்டி கேட்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கை ஏற்றி வைத்தாள். பிளேசர் மாட்டியிருந்த ஹேங்கர் பீரோவில் காலியாகத் தொங்கியது, கதவைச் சாத்தினாள். சண்முகராஜின் பாய் சுருட்டி வைத்தபடி மூலையில் நின்றது. வீட்டில் அவள் நடக்கிற சத்தம் அவளுக்கே கேட்டது. இருபது வருஷமாக அந்த வீட்டில் யாராவது ஒருவர் யாரையாவது சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வாசலுக்கு வந்து நின்றாள். கோவில்பட்டியிலிருந்து வருகிற கடைசி பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. முதலில் வெளிச்சம் வந்தது, அப்புறம் இரைச்சல். சொர்ணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தத்தில் இறங்க ஆள் இல்லை. டிரைவர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பஸ் நிற்காமலே புதூரைப் பார்த்துப் போயிற்று.